நடந்தால் சர்க்கரை இறங்குமா, ஏறுமா?

காசிமேட்டில் இருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 22. பதினான்கு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை, காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் ரெகுலர் இன்சுலின் (சில மணி நேரம் வேலை செய்வது), படுக்கும்போது என்.பி.எச். இன்சுலின் (மெதுவாக, ராத்திரி முழுக்க வேலை செய்வது). கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

“இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 270, 280 என்று காட்டுகிறது. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் சர்க்கரைதான். தினமும் நடந்தே மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ‘ஷேர் ஆட்டோவை விட்டுட்டு நடந்து வாம்மா, எல்லாம் இறங்கிடும்’ என்றார். கடை முடிந்ததும் நடந்தே வர ஆரம்பித்தேன், அரை மணி நேரம் ஆகும். நான்காவது நாள் கடையில் முகூர்த்தக் கூட்டம். சாயங்காலம் டீ மட்டும் குடித்தேன். இரவு சூரிய நாராயண செட்டி தெரு வரும்போது கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் மங்கிவிட்டது. பெட்டிக்கடை அக்கா ஒருவர் உட்கார வைத்து கலர் சோடா கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்போதும் 64. சாப்பிட்டுப் படுத்தேன். பயத்தில் படுக்கும்போது போடும் ஊசியைப் போடவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் 318. நடந்தால் இறங்கும் என்று மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நடந்தேன். 367 ஆகிவிட்டது, குமட்டல் வேறு. இனிமேல் நடக்கவே கூடாது என்கிறார் அம்மா. நடை எனக்கு நல்லதா கெட்டதா டாக்டர்?”

அன்புத் தங்கைக்கு,

நல்லதுதான். ஆனால் அந்தத் திங்கள் இரவும் செவ்வாய்க் காலையும் நடந்ததைப் படித்தபோது எனக்கு மனது பதறிவிட்டது. இரண்டு முறையும் நீங்கள் பெரிய ஆபத்தின் ஓரம் வரை போய் வந்திருக்கிறீர்கள். ஒரே நடை ஒரு நாள் இறக்கியது, மறுநாள் ஏற்றியது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது, அதனால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு மாமா. அவருக்கு இருப்பது டைப் 2. அவருடைய கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறது, உடம்புதான் அதைச் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. நடந்தால் வாங்கிக்கொள்ளும் தன்மை கூடுகிறது, மாத்திரை குறைகிறது. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். உங்கள் கதை வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. உங்கள் உடம்பில் ஓடும் இன்சுலின் நீங்கள் ஊசியில் ஏற்றியது மட்டும்தான். எவ்வளவு நடந்தாலும் அந்த ஊசியின் இடத்தை நடை பிடிக்காது.

சரி, நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? கால் தசை வேலை செய்ய ஆரம்பித்ததும் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். இதற்கு இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும் என்பதில்லை, தசை அசைவதே திறந்துவிடும். நோய் இல்லாதவர் நடக்கும்போது கணையம் இதைக் கவனித்து இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். கல்லீரல் தன் சேமிப்பில் இருந்து கொஞ்சம் சர்க்கரையை எடுத்துவிடும். கணக்கு சமமாகிவிடும். உங்களுக்கோ, போட்ட ஊசி போட்டதுதான். நீங்கள் நடப்பது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும், கல்லீரல் சர்க்கரை விடுவதையும் அமுக்கி வைத்திருக்கும். ஒரு பக்கம் தசை இழுக்க, மறுபக்கம் ஊசி இழுக்க, சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. லண்டனில் ஆர்.டி. லாரன்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். அவருக்கே இந்த நோய். மனிதருக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டது 1922-ல். அடுத்த ஆண்டு அவருக்கும் அது கிடைத்து உயிர் பிழைத்தார். அதே அளவு இன்சுலின், சும்மா இருக்கும்போது இறக்குவதைவிட உடம்பு வேலை செய்யும்போது அதிகமாக இறக்குகிறது என்று 1926-லேயே அவர் எழுதிவிட்டார். நூறு வருஷமாக மருத்துவர்களுக்குத் தெரிந்த இந்த ஒரு விஷயத்தை உங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். எங்கள் ஓ.பி. கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைப்பதில்லை. அது உங்கள் தவறில்லை.

ஆகவே நடையையும் ஒரு டோஸ் மருந்து என்றே நினையுங்கள். எந்த நேரத்தில், எவ்வளவு, அதற்கு முன் சர்க்கரை எவ்வளவு, உள்ளே எந்த ஊசி வேலை செய்துகொண்டிருக்கிறது, இத்தனையும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஊசியை அப்படித்தானே போடுகிறீர்கள்?

இப்போது அந்தத் திங்கள் இரவைப் பார்ப்போம். மதியம் 2 மணி வாக்கில் ரெகுலர் போட்டிருப்பீர்கள். அது இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், வால் ஆறேழு மணி நேரம் வரை நீளும். சாயங்காலம் டீ மட்டும். முகூர்த்தக் கூட்டத்தில் புடவையை எடுப்பது, விரிப்பது, மடிப்பது, ஏணியில் ஏறி இறங்குவது. நீங்கள் இதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கவே இல்லை, உடம்பு சேர்த்துவிட்டது. பதினோரு மணி நேரம் நின்ற கால்கள் ஏற்கெனவே சர்க்கரையைக் குடித்துத் தீர்த்திருந்தன. அதற்கு மேல் வெறும் வயிற்றில் அரை மணி நேர நடை. 64-க்கு இறங்கியதில் ஆச்சரியமே இல்லை. கலர் சோடா குடித்த பிறகே 64 என்றால், அதற்கு முன் இன்னும் கீழே இருந்திருக்கும். அந்த அக்காவை ஒரு நாள் போய்ப் பார்த்து நன்றி சொல்லுங்கள். ரொம்பச் சரியான வேலையைச் செய்திருக்கிறார்.

செவ்வாய்க் காலை நேர் எதிர். ராத்திரி ஊசி இல்லை. இன்சுலின் என்பது கல்லீரலுக்குப் போடும் பூட்டு மாதிரி. பூட்டு இல்லாததால் விடிய விடியக் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறது, அதுதான் 318. அந்த நிலையில் ஒரு மணி நேரம் நடந்ததும், உடம்புக்கு எரிபொருள் வேண்டும் என்று கல்லீரல் இன்னும் கொட்டியது. தசையால் அத்தனையையும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கூடவே கொழுப்பு கரைந்து கீட்டோன் என்ற அமிலம் சேர ஆரம்பித்திருக்கும். குமட்டல் பெரும்பாலும் அதனால்தான். இது முற்றினால் வாந்தி, வயிற்று வலி, வேக வேகமாக மூச்சு, மூச்சில் பழம் அழுகின வாசனை எல்லாம் வரும். உயிருக்கே ஆபத்து. அப்படி வந்தால் வீட்டில் இருக்காதீர்கள். உங்கள் வீட்டில் இருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு எவ்வளவு தூரம், நேராகப் போய்விடுங்கள்.

அதனால் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். சர்க்கரை இறங்கிவிடும் என்ற பயத்தில் ராத்திரி ஊசியை முழுசாக விட்டுவிடக் கூடாது. பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிடுங்கள், அளவைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். இன்னொன்று, காரணம் தெரியாமல் 270-க்கு மேல் இருந்தால் நடந்து இறக்கப் பார்க்காதீர்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், ஒரு டப்பா வாங்கி வீட்டில் வையுங்கள். பட்டை நிறம் மாறினால் நடை கிடையாது. தண்ணீர் நிறையக் குடிப்பது, மருத்துவர் சொன்னபடி இன்சுலின், குமட்டல் வாந்தி இருந்தால் ஆஸ்பத்திரி. பட்டை மாறவில்லை, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் மெதுவாக நடக்கலாம்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் 280-ஐ என்ன செய்வது?

எனக்கு ஒரு சந்தேகம். கடையில் இருந்து வந்ததும் பசி தாங்காமல், ஊசியைப் போட்ட கையோடு தட்டில் உட்கார்ந்துவிடுகிறீர்களோ? 9 மணிக்கு வேலை முடிகிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ரெகுலர் இன்சுலின் வேலையை ஆரம்பிக்கவே அரை மணி நேரம் ஆகும். சோறு முந்திக்கொள்ளும், ஊசி பின்னால் ஓடிவரும். அந்த இடைவெளிதான் உங்கள் 280-ல் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சர்க்கரையைப் பாருங்கள். நன்றாக இருந்தால் ஊசியைப் போட்டுவிட்டு, குளித்து, உடை மாற்றி, அரை மணி கழித்துச் சாப்பிடுங்கள். வரும்போதே 70, 80 என்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். 70-க்குக் கீழே என்றால் முதலில் சர்க்கரை, பிறகு ஊசி, உடனே சாப்பாடு.

அப்புறம் நடை. அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து பின்னால் கொண்டுபோங்கள். சாப்பிட்டு ஒரு 20, 30 நிமிடம் கழித்து, மொட்டை மாடியிலோ சந்திலோ பத்து முதல் பதினைந்து நிமிடம். வேகம் வேண்டாம். பக்கத்தில் அம்மா வந்தால் அவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சோற்றில் இருந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற சரியான நேரத்தில் தசை அதை எடுத்துக்கொள்ளும். மலை மாதிரி ஏறுவது மேடு மாதிரி ஆகும். வயிற்றில் சாப்பாடு இருப்பதால் திடீரென்று இறங்கும் ஆபத்தும் குறைவு. லேசான பயிற்சிக்கு இத்தனை பலன் இருக்கிறதா என்று என்னிடம் வருகிறவர்கள் நம்புவதில்லை. நான் அவர்களையே சோதித்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு நாள் நடக்காமல், ஒரு நாள் நடந்து, இரண்டு நாளும் ஒரே சாப்பாடு, ஒரே ஊசி. எத்தனை புள்ளி குறைகிறது என்பதை உங்கள் குளுக்கோமீட்டர்தான் சொல்ல வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும், என்னால் இங்கே இருந்து சொல்ல முடியாது.

படுக்கும்போது ஒரு முறை பாருங்கள். உடம்பு வேலை செய்த நாளில் தசைகள் தீர்ந்துபோன சேமிப்பை ராத்திரி முழுக்க நிரப்பிக்கொள்ளும். சாயங்காலம் செய்த பயிற்சிக்கு நள்ளிரவு தாண்டி சர்க்கரை இறங்குவது உண்டு. நீங்கள் போடும் என்.பி.எச். ஊசியின் உச்சமும் ஏறக்குறைய அந்த நேரம்தான். அதனால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி மாதிரி கடையில் கால் தரையில் நிற்காத நாட்களில் படுக்கும்போது 100, 110 என்றால் எனக்குத் திருப்தி இல்லை, ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். முதல் சில நாட்கள் 3 மணிக்கு அலாரம் வைத்து ஒரு முறை பார்த்துவிட்டால் நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம், அம்மாவும் தூங்குவார்.

வேறு நேரத்தில் நடக்க ஆசைப்பட்டால், செவ்வாய்க்கிழமை காலையில் ராபின்சன் பூங்காவிலோ கடற்கரைப் பக்கமோ, கிளம்பும் முன் விரலைக் குத்திப் பாருங்கள். 126-ல் இருந்து 180 வரை இருந்தால் நிம்மதியாகப் போகலாம். 90-க்கும் 125-க்கும் நடுவில் என்றால் இரண்டு மூன்று மாரி பிஸ்கட்டோ பாதி வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 90-க்குக் கீழே என்றால் முதலில் சர்க்கரை சாப்பிட்டு, ஏறியதைப் பார்த்த பிறகு. 180-ல் இருந்து 270 வரை இருந்தாலும் நடக்கலாம். முந்தைய 24 மணி நேரத்துக்குள் மயங்கும் அளவுக்கோ, இன்னொருவர் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கோ இறங்கியிருந்தால் அன்று நடை வேண்டாம். ஒரு முறை அப்படி இறங்கினால் அடுத்த முறை உடம்பு நடுங்கி எச்சரிப்பது குறைந்துவிடும், தெரியாமலே கீழே போய்விடுவீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலையில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எங்கே ஊசி போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. தொடையில் போட்டுவிட்டு நடந்தால் அந்தக் காலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். நடக்கப் போகும் வேளை ஊசியை வயிற்றில் போடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலும் இதே வேலையைச் செய்யும். வெயிலில் வியர்ப்பதா, சர்க்கரை இறங்கி வியர்ப்பதா என்று சந்தேகம் வந்தால் இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பவுடர் ஒரு பொட்டலம் இருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தாலோ மீட்டர் 70-க்குக் கீழே காட்டினாலோ அப்படியே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சாப்பிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட்டும் பிஸ்கட்டும் இந்த நேரத்துக்கு ஆகாது, அவை மெதுவாகத்தான் ஏறும். ஏறின பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போங்கள், மிச்ச தூரத்தை நடந்து முடிக்க வேண்டாம்.

இதை அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். நினைவு இல்லாதபோது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். அம்மா நடக்காதே என்று சொல்வது அறியாமையால் இல்லை. எட்டு வருஷமாக உங்களை ராத்திரி தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தூங்குகிறவர் அவர். எண்களை அவருக்கும் காட்டுங்கள், பயம் தானாகக் குறையும்.

கடை விஷயம் ஒன்று. உங்களுக்கு சர்க்கரை இருப்பது கடையில் யாருக்கும் தெரியாது என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. வேலை போய்விடுமோ, வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு என்னாகுமோ என்ற கவலை எனக்குப் புரிகிறது. இந்தப் பகுதியில் எத்தனை பெண்கள் இதற்காகவே பாத்ரூமுக்குள் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்! எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஒரு தோழிக்காவது சொல்லுங்கள், பொட்டலம் பையில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு டீயோடு ஒரு கைப்பிடி சுண்டலாவது சாப்பிட ஐந்து நிமிடம் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. உடம்பு கேட்கும்போது உட்காருவது உங்கள் உரிமை, சலுகை இல்லை.

எட்டு வருஷம் ஆகிவிட்டதால் கண்ணின் விழித்திரையையும் பாதத்தின் உணர்ச்சியையும் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இந்த வருஷம் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். மாடியில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். குளுக்கோமீட்டர் பட்டைகள் விலை அதிகம், எப்போதும் இப்படிக் குத்திக்கொண்டிருக்க முடியாது என்று தெரியும். இரண்டு வாரம் மட்டும், இரவுச் சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி கழித்து, காலை வெறும் வயிற்றில் என்று மூன்று முறை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை நிமிடம் நடை, கடையில் கூட்டமா இல்லையா என்பதும் வேண்டும். தண்ணீர் லாரி வந்து குடம் தூக்கிய நாளையும் எழுதுங்கள், அதுவும் பயிற்சிதான். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். ஸ்டான்லிக்கே போனாலும் சரி. 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியது அங்கேதான், நம் வடசென்னைக்கு அந்தப் பெருமை உண்டு. நடக்கிற நாளில் எந்த ஊசியை எத்தனை யூனிட் குறைக்கலாம் என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் யாரும் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமைகளைத் தனியாக வேறு நிறத்தில் எழுதுங்கள். ஆறு நாள் நின்று, ஏழாவது நாள் உட்காரும் உடம்புக்கு அன்று இன்சுலின் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் ஊகம். இரண்டு செவ்வாய்க்கிழமை எண்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கும் எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.